கம்பம் சாய்ந்த ஊர்

வானத்திலிருந்து விழும் கல்லைவிட, அதைப் பற்றி மேலிடம் விடும் அறிக்கைதான் அதிகம் நாறும். கோகிலவாணிக்கு இது வேலையில் சேர்ந்த முதல் வருடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன செய்ய? அந்த அறிக்கைகளைத் தமிழில் எழுதுவதுதான் அவள் உத்தியோகம். அலுவலகத்துக்கு வான்பேரிடர் தகவல் மையம் என்று பெயர். தகவலைத் தவிர மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

அன்று மாலை வெளியிடப்போகும் அறிக்கையின் கடைசி வரி, வழக்கம்போல, 'பொதுமக்கள் பயப்பட ஒன்றுமில்லை.' அதை எழுதும்போதெல்லாம் அவளுக்குப் பாலம் ஞாபகம் வரும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கல் வருகிறது என்றார்கள். முதலில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒரே இராத்திரியில் புத்தி மாறி, ஓடுங்கள் என்றார்கள். நாலு மாவட்டம் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தது. ஆற்றுப் பாலத்தில் வண்டியும் ஆளும் சிக்கி, பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். கல் பாட்டுக்குத் தன் வழியில் போய்விட்டது. மறுநாள் அறிக்கை எழுதுவதற்காகக் கோகிலவாணியைப் பாலத்துக்கு அனுப்பினார்கள். பிணங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். செருப்புகள் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன, அதில் பாதி குழந்தைகளுடையவை.

அதிலிருந்து சனங்களுக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. அரசாங்கம் கிழக்கே என்றால் மேற்கே பார்ப்பது.

இப்போது இன்னொரு கல். இந்த முறை பல நாடுகள் கூடி ஓர் ஊர்தியை அனுப்பி, நடுவானிலேயே அதன் மேல் மோதவிட்டார்கள். கல் பாதை மாறியது. தொலைக்காட்சியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மோதல் வெற்றி, பயப்பட ஒன்றுமில்லை. அவ்வளவுதான், மேற்கு மாவட்டங்களில் சனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மையத்தின் இயக்குநர் சடகோபன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாவடுவைக் கடித்துக் கொட்டையை டப்பா மூடியில் துப்பிவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே பேசும் மனிதர் அவர்.

"கோகிலா, அன்னிக்குச் சாப்பிடும்போது உங்க ஊர்க் கதை ஒண்ணு சொன்னீங்களே. ஏதோ மரம் நடுவாங்கன்னு."

"கம்பம் சார்."

"அதேதான். நட்டுட்டா யாரும் ஊரைவிட்டு வெளியில போகக் கூடாதுன்னு சொன்னீங்க இல்ல?"

சொன்னாள்தான். காரைப்பாளையத்து மாரியம்மன் கோயிலில் நோன்பு சாட்டி விழாவை அறிவித்தால், மூன்று கிளை விட்ட மரத்தை வெட்டி வந்து அம்மன் எதிரில் நடுவார்கள். அதுதான் கம்பம், அம்மனுக்குப் புருஷன் என்று ஐதீகம். பெண்கள் தினமும் மஞ்சள்நீர் ஊற்றுவார்கள். அந்தக் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை ஊர்க்காரர் எவரும் எல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. காரைப்பாளையம் தாய்க் கோயில் என்பதால், அங்கே நட்டால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அன்றே நட்டுவிடும். இவ்வளவும் சொல்லி, கதையின் பின்பாதிக்கு வருவதற்குள் சடகோபனுக்குத் தொலைபேசி வந்து எழுந்து போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா சொன்ன கதை. அதை இந்த மனிதர் முடிச்சுப் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

"இப்ப நட முடியுமா?"

"மாசம் இது இல்லைங்க சார்."

"அம்மன் கனவுல வந்து கேட்டான்னு சொல்லுங்க. கோயில் தர்மகர்த்தா உங்க அண்ணன்தானே?"

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கண்ணெதிரில் செருப்புக் குவியல் வந்து நின்றது.

"சார், கல்லு நிஜமா விலகிடுச்சுங்களா?"

"விலகிடுச்சு கோகிலா. எங்க அம்மா மேல சத்தியம். இனிமே சாவுன்னு வந்தா அது ரோட்டுலதான் வரும். அதைத் தடுக்க உங்களாலதான் முடியும்."

*

அண்ணன் தங்கமுத்து விசைத்தறி ஓட்டுகிறவர். கோகிலவாணி ஊருக்குப் போனபோது அவர் வீட்டு வாசலில் டெம்போ நின்றது. மகள் தாரணிக்கு நிறைமாதம். மைசூரில் இருக்கும் மருமகன் வீட்டுக்கு அவளை அனுப்பத் துணிமணியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனம்மிணி, போன வாட்டி ஓடுன்னாங்க, ஓடுனோம். கல்லும் வல்லெ, மண்ணும் வல்லெ. திரும்பி வந்து பாத்தா ஊட்ல அண்டா குண்டா ஒண்ணையுங் காணோம். இப்ப ஓடாதேங்கறாங்க. அப்ப ஓடோணும்னுதான அர்த்தம்?"

"அண்ணா, ஆபீஸ் சொல்லலைங்கண்ணா. நாஞ் சொல்றேன். கல்லு விலகிப் போயிருச்சு. நெறமாசப் புள்ளைய அந்த ரோட்டுல கூட்டிப் போகாதீங்க. பாலத்துல நான் என்ன பாத்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

தங்கமுத்து அவள் முகத்தையே பார்த்தார். அரசாங்கத்தை நம்பாதவர்தான், ஆனால் தங்கச்சி வேறு.

"உன்ற வாயில வருதுன்னா செரி," என்றார். டெம்போவிலிருந்து பெட்டிகள் இறங்கின. அண்ணி ருக்குமணி, "நல்ல நேரத்துல வந்தே கண்ணு, வயித்துல நெருப்பக் கட்டீட்டு இருந்தோம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வெகுநேரம் விடவில்லை.

அம்மன் கனவில் வந்த கதையை அண்ணனிடம் சொல்லும்போது அவளுக்கு நாக்கு கூசியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கம்பம் நட்டார்கள். பறை அதிர்ந்தது. அன்றைக்கே சுற்றுப்பட்டு ஊர்களிலும் அதிர்ந்தது. கட்டிய மூட்டைகளை அவிழ்த்துவிட்டு சனங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடப் போனார்கள். நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. நாலு பொய் சொல்லி நாலாயிரம் உயிரைக் காப்பாற்றியாயிற்று என்று கோகிலவாணி தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, பெண்களோடு நின்று தானும் மஞ்சள்நீர் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை, குடத்தோடு நிற்கும்போதுதான் சடகோபன் கூப்பிட்டார்.

"பிரமாதம் கோகிலா. உங்க பக்கம் ஒரு வண்டி நகரலை. மேல ரொம்ப சந்தோஷம். கார் அனுப்பியிருக்கேன், மதியத்துக்குள்ள வந்துடும். உடனே கிளம்பிடுங்க."

"நான் இந்த ஊர்க்காரி சார். கம்பம் புடுங்கற வரைக்கும் வெளியில தங்கக் கூடாதுங்க."

சிரித்தார். "அதெல்லாம் அவங்களுக்கு." சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா வீட்டாளுங்க ரெண்டு பேரைக் கூட்டிக்குங்க. கார்ல இடம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்."

குடம் கை நழுவிக் கம்பத்தடியில் விழுந்தது. எந்த அறிக்கையும் சொல்லாத ஒன்றை, இந்த மனிதர் தன் ஆளைக் காப்பாற்றத் துடிக்கும் துடிப்பு சொல்லிவிட்டது.

"சார், கல்லு விலகிடுச்சுன்னு சொன்னீங்களே."

"விலகிடுச்சு. அதுல பொய் இல்ல."

"அப்ப கார் எதுக்கு?"

"மோதினப்ப ஒரு சில்லு தெறிச்சிருக்கு. தெறிச்சதுன்னு சொன்னா மோதலே தோல்வின்னு ஆயிடும், எந்த நாடும் ஒத்துக்காது. அது கடல்ல போகலாம். இல்லேன்னா உங்க பக்கம். நாளைக்குச் சாயங்காலம்."

"உங்க அம்மா மேல சத்தியம் பண்ணீங்க."

"பெரிய கல்லுக்குத்தானே பண்ணேன்? இங்க பாருங்க, உணர்ச்சிவசப்படாதீங்க. விழும்னு இப்ப சொன்னா நாலு மாவட்டம் ரோட்டுக்கு வரும். பாலத்துல என்ன ஆச்சுன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதோட வச்சுப் பார்த்தா பத்துப் பதினஞ்சு ஊருங்கறது..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அவர் எழுதச் சொல்லும் அறிக்கைகளும் இப்படித்தான், முக்கியமான இடத்தில் முடியாமல் நிற்கும்.

"இது என் ஊருன்னு தெரிஞ்சேதான் என்னை அனுப்புனீங்களா?"

"உங்க ஊருங்கறதாலதான் அனுப்பினேன். வேற யார் சொன்னா கேப்பாங்க?"

கோகிலவாணி கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காப்பியோடு, இத்தனை வருடம் எழுதிய அத்தனை அறிக்கையும் தொண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. நீர் ஊற்ற வந்த பெண்ணொருத்தி, "விரதம் ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க," என்று முதுகை நீவிவிட்டாள்.

*

அண்ணனிடம் ஓடினாள். எல்லாவற்றையும் கொட்டினாள், கனவு பொய் என்பது உட்பட. தங்கமுத்து தறியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் கத்த வேண்டியிருந்தது.

"வராதுன்னே. இப்ப வருதுங்கறே."

"என்னை ஏமாத்தீட்டாங்கண்ணா."

"அன்னைக்கு உன்னை ஏமாத்துனாங்களா, இன்னைக்கு ஏமாத்தறாங்களா? உனக்கே தெரியுமா?" இப்போதுதான் தறியை நிறுத்தினார். "ஊரைக் காலி பண்ணச் சொல்லீட்டு இந்த எடத்துல பெருசா என்னத்தையோ கட்டப் போறாங்கன்னு ரெண்டு வருசமாப் பேச்சு நடக்குது. அதுக்கு உன்னைய அனுப்புனாங்களா?"

"அண்ணா, தாரணியை நெனச்சுப் பாருங்க."

"நெனைக்கறதாலதான் சொல்றேன். கம்பம் நட்டாச்சு. வயித்துப் புள்ளையோட எல்லை தாண்டுனா அம்மன் உடமாட்டா. நட்டது ஆரு? நீ சொல்லித்தான நட்டோம்!"

கடைவீதியில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். மளிகைக்கடைக்காரர் சிரித்தார். "உங்காபீசு வராதுன்னா வரும், வரும்னா வராது. வருதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இன்னும் நிம்மதிங்க." கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யாரை நோவது? அந்தச் சிரிப்பை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள் எழுதிய வரிகள்தான்.

வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றது. வெள்ளைக் கார், கதவில் மையத்தின் முத்திரை. ஓட்டுநர் முனிரத்தினம் இறங்கி வணக்கம் சொன்னார். தாரணி ஜன்னலருகில் உட்கார்ந்து, கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தாரணி, நீயும் அம்மாளும் இப்பவே வண்டில ஏறுங்க. எதையும் கேக்காதே."

"அப்பாகிட்டக் கத்துனது கேட்டுச்சுங்கத்தை." அவள் ஒத்தடத் துணியைப் பிழிந்தாள். "நெசமாலுமே உழுகுமுங்களா?"

"உழுகலாம்."

"அப்ப பக்கத்தூட்டு ஜோதிக்குந்தான் மாசம். அவளை எந்தக் கார்ல ஏத்துவீங்க?"

கோகிலவாணி, இரண்டு பேருக்குத்தான் இடம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்; சடகோபனின் குரல் தன் வாயிலிருந்து வரப்போவது போலிருந்தது. மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்குக் கதையின் பின்பாதி நினைவுக்கு வந்தது. சடகோபன் கேட்காமல் எழுந்து போன பாதி.

அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது, ஒரு நோன்பில் பெருமழை பெய்து கம்பம் சாய்ந்துவிட்டது. புருஷனைச் சாயவிட்ட ஊரில் அம்மன் இருக்கமாட்டாளாம். கோபித்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் அண்ணன் பெருமாள் வீட்டுக்குப் போய்விடுவாளாம். அன்று ஊரே அடுப்பணைத்து, விளக்கணைத்து, ஆடுமாடு நாய் பூனை வரைக்கும் ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனது. மூன்று நாள் அங்கேயே பொங்கல் வைத்துக் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் திருப்பி அழைத்து வரவேண்டும். அதுவரை ஊரில் ஒரு குஞ்சு இருக்கக் கூடாது. தாய்க் கோயில் கம்பம் சாய்ந்தால் சுற்றுப்பட்டுக்கும் அதேதான்.

"முனிரத்தினம், வெயில்ல வந்திருக்கீங்க. முக்குல டீக்கடை இருக்குது, போய்க் குடிச்சிட்டு வாங்க. சாவியைக் குடுங்க, நான் வண்டியை நிழல்ல விடறேன்."

உச்சிவெயில். பறையடிக்கிறவர்கள் வேப்பமரத்தடியில் அசந்து தூங்கினார்கள். கோயில் முன் யாருமில்லை. மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கம்பம் ஆள் உயரத்தில் நின்றது. மூன்று நாளாக ஊற்றிய நீரில் அடிமண் களியாக இளகியிருந்தது, அவள் காலையில் கொட்டியதும் சேர்த்து. கோகிலவாணி காரைக் கம்பத்துக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். எத்தனை படித்தாலும் எத்தனை அறிக்கை எழுதினாலும், அது அவள் பிறந்த ஊர்த் தெய்வம்.

"ஆத்தா, என்னைய மன்னிச்சிரு," என்று வாய்விட்டுச் சொன்னாள். காரைப் பின்னால் எடுத்து, முன்னால் விட்டாள். முதல் இடியில் கம்பம் சாய்ந்து நின்றது. இரண்டாவது இடியில் அடியோடு பெயர்ந்து, கார் முகப்பின் மேல் விழுந்தது. மஞ்சள்நீர் கண்ணாடியில் வழிந்தது. எங்கேயோ ஒரு பெண் அலறினாள்.

தங்கமுத்துதான் முதலில் ஓடி வந்தார். கதவைத் திறந்து அவளை இழுத்து வெளியே போட்டார். பிறந்ததிலிருந்து அவளை ஒரு சுடுசொல் சொல்லாத அண்ணன், ஊர் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்தார்.

"கவருமெண்டுக் காரு கம்பத்தைச் சாச்சுப் போடுச்சு!" சத்தம் தெருத்தெருவாகப் போனது. பூசாரிக்கு அருள் வந்தது. "நா எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன், இந்தூர்ல இனி எனக்கென்ன சோலி!" என்று அவர் தலையை விரித்துப் போட்டு ஆட, ருக்குமணி முதல் ஆளாக வீட்டுக்குள் ஓடி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. டிராக்டரும் டெம்போவும் மாட்டு வண்டியும் வரிசை பிடித்தன. கிழக்குத் தெரு முன்னால், அதன் பின்னால் மேற்குத் தெரு, தேர் இழுக்கும்போது நிற்கும் அதே முறை. ஒருவரை ஒருவர் முந்தவில்லை. பிள்ளைகளின் செருப்பு பிள்ளைகளின் காலிலேயே இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலும் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவளைத் திட்டிக்கொண்டே அதே மலையைப் பார்த்து நடந்தார்கள். கோகிலவாணி எல்லோருக்கும் கடைசியாக நடந்தாள். அவள் மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் தட்டிவிடவில்லை.

*

மறுநாள் சாயங்காலம் சில்லு விழுந்தது. வடக்கு வானத்தில் ஒரு கோடு வெளுத்தது. இரண்டு சூரியன் இருந்தமாதிரி மலைக்கு இரண்டு நிழல் விழுந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. புழுதி அடங்கிப் பார்த்தபோது காரைப்பாளையம் இருந்த இடத்தில் ஊர் இல்லை. மலையடிவாரத்தில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. தாரணிக்கு அந்த அதிர்ச்சியிலேயே வலி கண்டு, பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பெண் குழந்தை பிறந்தது.

கோகிலவாணி அண்ணனைப் பார்த்தாள். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தாள். தங்கமுத்து ஊர் இருந்த திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பத்தைச் சாச்சே. அம்மன் கல்லை எறிஞ்சிட்டா," என்றார். "நெலம், தறி, ஊடு, கோயிலு, எல்லாம் உன்னாலதான் போச்சு."

"அண்ணா, நாந்தான் முன்னாலயே சொன்னேனுங்களே..."

"நீ சொன்னது ரெண்டு. வரும்னும் சொன்னே, வராதுன்னுஞ் சொன்னே. எது நடந்தாலும் நாஞ் சொன்னேன்னு வந்து நிப்பீங்க. உங்காபீசுப் புத்தி."

நிவாரண முகாம் போட்டார்கள். சடகோபன் ஹெலிகாப்டரில் வந்திறங்கினார், கேமராக்களோடு. மரபு வழக்கங்களைப் பயன்படுத்தி, நெரிசல் துளியும் இன்றி, மையம் முன்கூட்டியே திட்டமிட்டு நடத்திய வெளியேற்றம் என்று முழங்கினார். கூட்டத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. நம்பாதது சரிதான், ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் நம்பியதைக் கேட்டால் வயிறு எரிந்தது.

கேமராக்கள் போனபின், கூடாரத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் முகாமில் கொடுத்த தயிர்சாதப் பொட்டலம்.

"அபாரம் கோகிலா. மேல உங்க பேரைச் சொல்லியிருக்கேன். பதவி உயர்வு நிச்சயம். சில்லு விஷயம் மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்."

"நான் வெளியில சொல்லுவேன் சார்."

"தாராளமா." சாதத்தைப் பிசைந்தார். "யார் நம்பறாங்கன்னு பாருங்க. இவங்க சாமி குத்தம்ங்கறாங்க. நாம அதை மறுக்க வேணாம், நமக்கும் நல்லதுதான்." ஒரு கவளம் வாயில் போட்டு, விரலைச் சூப்பினார். "அது சரி, அந்தக் கம்பம் சாஞ்சா ஊரைக் காலி பண்ணுவாங்கங்கறதை அன்னிக்கு நீங்க சொல்லவே இல்லையே. உங்க பக்கம் வேற என்னென்ன வழக்கமெல்லாம் இருக்கு?"

"என்ற வாயில இனி ஒண்ணும் வராது. எந்திரிச்சுப் போங்க."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை முடித்து, கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். கோகிலவாணியும் எழுந்தாள். மடப்பள்ளிப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது. போய் ஒரு தடவை முகம் பார்த்துவிட்டு வரலாம் என்று நாலடி வைத்தாள்.

எதிரில் அண்ணி ருக்குமணி வந்தாள், கையில் சாணி கரைத்த வாளியோடு. கோகிலவாணி நின்றாள். ருக்குமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், சடகோபன் உட்கார்ந்திருந்த இடத்தில் சாணித் தண்ணீரைத் தெளித்துக் கூட்டிவிட்டாள். கோகிலவாணிக்கு மனம் ஒரு கணம் குளிர்ந்தது.

பிறகு ருக்குமணி வாளியைத் தூக்கிப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, கோகிலவாணி உட்கார்ந்திருந்த இடத்திலும் தெளித்தாள்.